35 ஷாட், பூஜ்ஜியம் கோல்: ஐஸ் ஹாக்கி வெற்றியை அலசுவது எப்படி?

2024 ஏப்ரல் 13. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரில் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் தேசிய இறுதிப் போட்டி. டென்வர் பல்கலைக்கழகம் 2, பாஸ்டன் காலேஜ் 0. அதுவரை ஒன்பது பட்டங்களோடு மிச்சிகனுக்குச் சமமாக நின்ற டென்வர், அன்றைக்குப் பத்தாவது பட்டத்தை வாங்கிக் கல்லூரி ஹாக்கியில் அதிகப் பட்டம் வென்ற அணியாகிவிட்டது.

ஸ்கோரோடு நிறுத்திக்கொண்டால் இதில் பேச ஒன்றுமில்லை. ஆட்டக் கணக்கைக் கொஞ்சம் புரட்டினால்தான் ஒரு எண் கண்ணில் படும். தோற்ற பாஸ்டன் காலேஜ் கோலை நோக்கி 35 ஷாட் அடித்திருக்கிறது, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. டென்வரின் கோல்கீப்பர் மேட் டேவிஸ் 35-ஐயும் தடுத்துவிட்டார். உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "கோல்கீப்பர் மட்டும் இல்லையென்றால் இது பாஸ்டன் காலேஜ் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம்" என்பது ஒரு கட்சி. "இல்லவே இல்லை, டென்வர் திட்டம் போட்டு ஆடி எதிரணியைக் கட்டிப்போட்டது" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி உண்மை, ஆனால் ஆட்டத்தின் வெவ்வேறு பாதிக்கு. அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஐஸ் ஹாக்கியையே பார்த்திராதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடிப்படையில் இருந்து ஆரம்பிக்கிறேன், தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளுங்கள்.

ஒரு ஆட்டம் 60 நிமிடம், 20 நிமிடமாக மூன்று பீரியட். ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஐஸ் மேல் ஆறு பேர்: மூன்று ஃபார்வர்டு, இரண்டு டிஃபென்ஸ், ஒரு கோல்கீப்பர். பந்துக்குப் பதில் பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு, மூன்று அங்குலம் அகலம், ஒரு அங்குலம் தடிமன், எடை சுமார் 170 கிராம். கோல் ஆறு அடி அகலம், நான்கு அடி உயரம், அதன் முன்னால் பெரிய கால் பேடுகளும் ஒரு கையில் பிடிக்கும் கிளவுஸும் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பதால் உண்மையில் தெரியும் இடைவெளி மிகக் குறைவு. எல்லோரும் ஸ்கேட்டில் முழு வேகத்தில் ஓடுவதால் ஒருவரால் முக்கால் நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் பெஞ்சுக்கு ஓடி வந்து மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஆள்மாற்றத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கல்லூரி ஹாக்கியில் புதியவர்களைக் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. என்எச்எல் என்ற தொழில்முறை லீகின் அணிகள் 18 வயதிலேயே பையன்களைத் தேர்வு செய்து தங்கள் பெயரில் பதிந்துவைத்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பையன் உடனே போய்ச் சேர வேண்டியதில்லை, கல்லூரியில் சில வருடம் ஆடிவிட்டுப் போகலாம். ஆக ஒரு கல்லூரி அணியில் நாளைய தொழில்முறை நட்சத்திரங்கள் பலர் இன்றைக்கு மாணவர்களாக ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த வருட பாஸ்டன் காலேஜ் அப்படிப்பட்ட அணிதான். வில் ஸ்மித், ரயன் லியோனார்ட், கேப் பெரோ என்ற மூன்று முதலாண்டு மாணவர்களும் 2023-ல் முதல் சுற்றிலேயே தேர்வானவர்கள். ஸ்மித் அந்த சீசனில் 71 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடம், கோலுக்கும் கோலுக்கு உதவுகிற பாஸுக்கும் தலா ஒரு புள்ளி என்று கணக்கு. இன்னொரு வீரர் கட்டர் கோத்தியே 38 கோல், அதிலும் நாட்டில் முதலிடம். போட்டித் தொடருக்குள் நுழையும்போதே இந்த அணிக்குத்தான் முதல் தரவரிசை. இரண்டு நாள் முன்னால் அரையிறுதியில் மிச்சிகனை 4-0 என்று அடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

எதிரே டென்வரின் கோலில் நின்ற டேவிஸை எந்த என்எச்எல் அணியும் தேர்வு செய்திருக்கவில்லை. கனடாவின் கால்கரி நகரத்துப் பையன். 2022-ல் டென்வர் பட்டம் வென்றபோது அவர் பெஞ்சில் இருந்த மாற்று கோல்கீப்பர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பிடித்தவர் என்பதற்காக வெற்றியை மொத்தமாக அவர் கணக்கில் எழுதிவிட்டால் அலசல் கெட்டுப்போகும்.

முதலில் ஷாட் என்றால் என்ன?

நாம் சாதாரணமாகச் சொல்லும் ஷாட் எண்ணிக்கையில் இரண்டு வகைதான் சேரும்: கோலானவை, கோல்கீப்பர் தடுத்தவை. கோல் கம்பத்துக்கு வெளியே போனது சேராது. கம்பத்தில் பட்டுத் திரும்பியதுகூட சேராது. நடுவில் ஒரு டிஃபென்ஸ் வீரர் காலை நீட்டித் தடுத்ததும் சேராது. ஆக 35 என்ற எண், பாஸ்டன் காலேஜ் எத்தனை முறை அடிக்கப் பார்த்தது என்பதைச் சொல்வதில்லை, அடித்ததில் எத்தனை கோல்கீப்பர் வரை வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது.

முயற்சி எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும் கணக்கு ஒன்று இருக்கிறது, அதற்குக் கோர்சி என்று பெயர். கோலானது, தடுத்தது, வெளியே போனது, நடுவில் மறிக்கப்பட்டது எல்லாம் அதில் அடங்கும். பஃபலோ அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஜிம் கோர்சியின் பெயர் அது. தன் கோல்கீப்பருக்கு ஒரு ஆட்டத்தில் உண்மையில் எவ்வளவு வேலை இருந்தது என்று பார்க்க அவர் இப்படி எண்ணியிருக்கிறார். யோசித்தால் அது ரொம்பவும் நியாயம்: வெளியே போகிற பக்குக்கும் கோல்கீப்பர் அசைய வேண்டியிருக்கிறதே. பிறகு ரசிகர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹாக்கியில் பக் யாரிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கடிகாரம் வைத்து அளப்பது கஷ்டம், கைமாறும் வேகம் அப்படி. அதனால் யார் அதிகமாக அடிக்க முயன்றார்களோ அவர்களிடம்தான் பக் அதிக நேரம் இருந்திருக்கும் என்று தோராயமாக எடுத்துக்கொள்கிறார்கள். முழு சீசனுக்குப் பார்க்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பார்க்கும்போதுதான் ஏமாற்றும்.

ஏன் ஏமாற்றும் என்பதற்கு இந்த இறுதிப் போட்டியைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அபூர்வம். அந்த 35 ஷாட்டையும் நேரப்படி பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு பீரியடில், அதாவது 40 நிமிடத்தில், 12. கடைசி 20 நிமிடத்தில் 23. நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவரும் நாட்டிலேயே அதிகக் கோல் அடித்தவரும் ஒரே அணியில் இருக்கிறார்கள், அந்த அணிக்கு 40 நிமிடத்தில் கோலுக்கு வந்து சேர்ந்த ஷாட் வெறும் 12! டென்வர் அவர்களைக் கட்டிப்போட்டது என்ற இரண்டாவது கட்சியின் வாதத்துக்கு ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. டென்வரின் இரண்டு கோலும் இரண்டாவது பீரியடில் விழுந்தன, ஜாரட் ரைட் ஒன்று, ரீகர் லோரென்ஸ் ஒன்று. ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம் என்றிருந்த நேரத்தில் டென்வர்தான் முன்னால் போனது. அதற்குப் பிறகு நடந்தது வேறு ஆட்டம்.

முன்னிலை வந்ததும் ஆட்டம் மாறும்

ஸ்கோர் நிலவரமே ஆட்டத்தை மாற்றிவிடும் என்ற இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்ற கணக்கெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். 20 ஓவர் கிரிக்கெட்டில் துரத்துகிற அணி கடைசி ஐந்து ஓவரில் எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்குமே, விக்கெட் போனாலும் பரவாயில்லை என்று. இங்கேயும் அதேதான் நடக்கிறது. 2-0 என்று பின்தங்கிய அணிக்கு மூன்றாவது கோல் வாங்குவதைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. டிஃபென்ஸ் வீரர்களும் முன்னேறி வந்து தாக்குதலில் சேர்ந்துகொள்வார்கள். கோணம் சரியில்லாவிட்டாலும், தூரம் அதிகமானாலும், எங்கிருந்து கிடைக்கிறதோ அங்கிருந்து கோலை நோக்கி அடித்துவிடுவார்கள், ஏதாவது காலில் பட்டாவது உள்ளே போகாதா என்று. கடைசி ஓரிரு நிமிடத்தில் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்குவதும் வழக்கம்.

முன்னிலையில் இருக்கும் அணி இதற்கு நேர்மாறு. தன் பகுதியில் பக் கிடைத்தால் அழகாகப் பாஸ் செய்து கொண்டுபோக மாட்டார்கள், பக்கவாட்டுப் பலகையில் அடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். பக் எதிரணிக்கே போனாலும் சரி, நடுப்பகுதியைத் தாண்டிப் போனால் போதும். எதிரணி அதை எடுத்துத் திரும்பி வர பத்து, பதினைந்து விநாடி ஆகும், கடிகாரம் ஓடும். தாக்குதலுக்கு இரண்டு பேர் போனால் மூன்று பேர் பின்னாலேயே நிற்பார்கள். விளைவு என்ன? ஷாட் எண்ணிக்கை பின்தங்கிய அணி பக்கம் குவியும். 23 என்ற எண்ணில் பெரிய பங்கு இப்படி வந்தது. இதை வைத்து மூன்றாவது பீரியடில் பாஸ்டன் காலேஜ் சிறந்த அணியாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது, அவர்கள் அப்படி ஆட வேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள், டென்வர் அப்படி ஆட விட்டது.

அதனால் அனுபவப்பட்ட ரசிகர்கள் மொத்த ஷாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்கோர் சமமாக இருந்தபோது யார் எவ்வளவு அடித்தார்கள் என்று பார்ப்பார்கள். இரண்டு அணிக்கும் ஒரே தேவை இருந்த நேரம் அதுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பின்வாங்கித் தடுப்பதெல்லாம் பாதுகாப்பான வழி என்று நினைத்துவிடக் கூடாது. எதிரே கோத்தியேயும் ஸ்மித்தும் நிற்கும்போது 20 நிமிடத்தில் 23 ஷாட் வாங்குவதை யாரும் திட்டமாகப் போட மாட்டார்கள். ஒரு கோல் போயிருந்தால் 2-1, அரங்கமே மாறியிருக்கும். திட்டத்துக்கும் நிஜத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியை டேவிஸ் அடைத்தார்.

எங்கிருந்து வந்த ஷாட்?

அடுத்து, எல்லா ஷாட்டும் ஒன்றல்ல. கோலுக்கு நேர் முன்னால் ஸ்லாட் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கிருந்து வரும் ஷாட்டுக்கும் 60 அடி தள்ளி, தாக்கும் பகுதியின் எல்லையான நீலக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்து வரும் ஷாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தூரத்து ஷாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கோல்கீப்பர் பெரும்பாலும் தடுத்துவிடுவார். "பார்த்துக்கொண்டே" என்பதுதான் முக்கியம். அதனால்தான் தாக்கும் அணி தூரத்திலிருந்து அடிப்பதற்கு முன் ஒரு ஆளைக் கோல்கீப்பரின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தும், பக்கை மறைக்க.

அந்த ஒரு விநாடியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். நீலக் கோட்டிலிருந்து டிஃபென்ஸ் வீரர் தாழ்வாக அடிக்கிறார். கோல்கீப்பர் முழங்கால்களை ஐஸில் ஊன்றி, பேடுகளை இரண்டு பக்கமும் விரித்து, தன் முன்னால் நிற்பவரின் இடுப்போரமாக எட்டிப் பார்க்கிறார். பக் இடது பேடில் படுகிறது. இந்த இடத்தில் நல்ல கோல்கீப்பர் வெறுமனே தடுப்பதோடு நிற்க மாட்டார், பேடை லேசாகச் சாய்த்து பக்கை மூலைக்குத் திருப்பிவிடுவார். அது முடியாமல் பக் நேராக முன்னால் விழுந்தால் அங்கே எதிரணி ஃபார்வர்டு தயாராக நிற்கிறார், அடிக்க அரை விநாடி போதும். அந்த நேரத்தில் தற்காப்பு வீரரின் வேலை பக்கைத் தேடுவதல்ல. தன் ஸ்டிக்கை எதிராளியின் ஸ்டிக்குக்கு அடியில் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். ஸ்டிக் காற்றில் இருந்தால் அவரால் எதையும் அடிக்க முடியாது. ஷாட்டாகப் பதிவாகியிருக்க வேண்டிய ஒன்று, கோலாகவே ஆகியிருக்கக்கூடிய ஒன்று, ஆட்டக் கணக்கில் தடயமே இல்லாமல் மறைந்துபோகும். டிவியில் பார்க்கும்போது எல்லோருடைய கண்ணும் கோல்கீப்பர் மேல்தான் இருக்கும். அடுத்த முறை ஷாட் தடுக்கப்பட்டவுடன் கோல்கீப்பரை விட்டுவிட்டு, அவர் முன்னால் நிற்கும் ஸ்டிக்குகளைப் பாருங்கள்.

குறுக்கு பாஸ் இன்னொரு பெரிய விஷயம். கோலின் மையத்திலிருந்து நேராக முன்னால் ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பக் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் உடனே அடிக்கப்பட்டால் கோல்கீப்பர் தன் முழு உடம்பையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும், நகரும்போது கால்களுக்கு நடுவிலும் கைக்கு அடியிலும் இடைவெளி திறக்கும். ஒரே பக்கத்தில் கொண்டுவந்து அடிப்பதைவிட இது பல மடங்கு ஆபத்தானது. ஆக, நல்ல தற்காப்பு அணி ஓரத்திலிருந்து எத்தனை ஷாட் வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்று விட்டுவிடும், இந்தக் கற்பனைக் கோட்டைத் தாண்டும் பாஸை மட்டும் விடாது. இடம், கோணம், முன்னால் வந்த பாஸ் இதையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோலாகும் வாய்ப்பு இவ்வளவு என்று மதிப்புப் போட்டுக் கூட்டும் கணக்கும் உண்டு. எதிர்பார்க்கும் கோல் என்ற அந்தக் கணக்கு, கால்பந்து பார்ப்பவர்களுக்குப் பழக்கமானதுதான்.

டென்வரின் இரண்டு கோலுக்கும் பாஸ் கொடுத்தவர் ஒரே ஆள், ஸீவ் பூயம். முதலாண்டு மாணவர், அதுவும் டிஃபென்ஸ் வீரர். டிஃபென்ஸ் வீரர் என்றாலும் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பவர் இல்லை. அவர் முன்னேறி வந்து பக்கோடு நடமாடும்போது எதிரணிக்கு யார் யாரைப் பிடிப்பது என்ற குழப்பம் வரும். அதே வருடம் ஜூனில் அவரை முதல் சுற்றில் தேர்வு செய்தது மினசோட்டா வைல்டு, இறுதிப் போட்டி நடந்த அதே அரங்கத்தின் சொந்த அணி.

பெஞ்ச் எவ்வளவு தூரம்?

ஆள்மாற்றத்தை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா. ஒவ்வொரு பீரியடுக்கும் அணிகள் பக்கம் மாறும், ஆனால் பெஞ்ச் மாறாது. முதல் பீரியடிலும் மூன்றாவது பீரியடிலும் ஒரு அணியின் பெஞ்ச் அதன் சொந்தக் கோலுக்குப் பக்கமாக இருக்கும். இரண்டாவதில் தூரமாகிவிடும். களைத்துப்போன டிஃபென்ஸ் வீரர் தன் பகுதியில் மாட்டிக்கொண்டால், இரண்டாவது பீரியடில் பெஞ்சுக்குப் போய்ச் சேர நீண்ட தூரம் ஸ்கேட் செய்ய வேண்டும். அதற்குள் எதிரணி திரும்பி வந்துவிடும். அதனால் மாறாமல் அங்கேயே நிற்பார், கால் கனக்கும், ஒரு அடி தாமதமாகும். பொதுவாக முதல் பீரியடைவிட இரண்டாவதில் கோல் அதிகம் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை இந்த ஆட்டத்தோடு வைத்துப் பாருங்கள். டென்வர் தன் இரண்டு கோலையும் அடித்தது பெஞ்ச் தூரமாக இருக்கும் பீரியடில். முற்றுகையைச் சமாளிக்க வேண்டியிருந்தது பெஞ்ச் பக்கத்தில் இருக்கும் பீரியடில். மூன்றாவது பீரியடில் பக்கை வெளியே தள்ளிவிட்ட அடுத்த விநாடியே புதிய ஆட்களை இறக்க முடியும், களைப்பில்லாத காலோடு அடுத்த அலையை எதிர்கொள்ளலாம். ஆனால் தள்ளும்போது அளவு தப்பக் கூடாது. ஐஸை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கு முன்னாலிருந்தே அடித்த பக், யார் மீதும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போனால் அது ஐசிங். ஆட்டம் மறுபடி உங்கள் கோல் பக்கத்திலேயே தொடங்கும், ஆள் மாற்றவும் முடியாது. முன்னிலையைக் காக்கும் அணிக்கு அடுத்தடுத்து இரண்டு ஐசிங் விழுந்தால் நெஞ்சு படபடக்கும்.

சரி, கோல்கீப்பருக்கு எவ்வளவு பங்கு?

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நல்ல கல்லூரி கோல்கீப்பர் 100 ஷாட்டில் 91, 92 தடுப்பார். 91.5 என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவருக்கு 35 ஷாட் வந்தால் சராசரியாக மூன்று கோல் போகும். ஒன்றுகூடப் போகாமல் இருக்க என்ன வாய்ப்பு? 0.915-ஐ 35 முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 0.045. அதாவது நூறு முறை இப்படி ஆடினால் நான்கைந்து முறைதான் பூஜ்ஜியத்தில் நிற்கும்.

இப்போது முன்னிலையின் விளைவையும் சேர்ப்போம். மூன்றாவது பீரியடின் 23 ஷாட்டும் அவசரத்தில் அடித்தவை, சற்று எளியவை, நூற்றுக்கு 94 தடுக்கப்படும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் 12 பழையபடி 91.5. பெருக்கினால் சுமார் 0.08 வருகிறது, நூற்றுக்கு எட்டு. ஷாட்டின் தரத்துக்குத் தள்ளுபடி கொடுத்த பிறகும் பத்தில் ஒன்றுக்குக் கீழேதான் நிற்கிறது. டென்வரின் ஆட்டமுறை பாதி வழிக்குக் கொண்டுவந்தது, மீதி வழியை டேவிஸ் கடந்தார் என்று நான் சொல்வது இதனால்தான். முதல் கட்சிக்காரர்களும் சும்மா பேசவில்லை.

அதுவும் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நடந்திருந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அந்தத் தொடரில் டென்வர் ஆடிய நான்கு ஆட்டத்தையும் பாருங்கள். மாசசூசெட்ஸ் அணியை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 2-1. கார்னெலை 2-1. அரையிறுதியில் பாஸ்டன் யுனிவர்சிட்டியைக் கூடுதல் நேரத்தில் 2-1, ட்ரிஸ்டன் ப்ராஸ் அடித்த கோலில். அன்று தோற்ற பாஸ்டன் யுனிவர்சிட்டியில்தான் கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹோபி பேக்கரை மறுநாளே வாங்கிய மேக்லின் செலப்ரினி இருந்தார். இறுதியில் 2-0. நான்கு ஆட்டம், கூடுதல் நேரத்தையும் சேர்த்து, டேவிஸ் விட்ட கோல் மொத்தம் மூன்று. தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது.

ஒவ்வொரு ஆட்டத்திலும் டென்வர் அடித்தது சரியாக இரண்டு கோல். அந்த சீசனில் சராசரியாக ஆட்டத்துக்கு நாலரை கோலுக்கு மேல் அடித்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அணி டென்வர்! ஜாக் டெவைன் முன்னின்று கோல் மழை பொழிந்த அணி, தொடருக்குள் வந்ததும் இரண்டு கோல் அடித்துவிட்டு அதைக் காப்பாற்றும் அணியாக மாறியது. வேண்டுமென்று மாறினார்களா, எதிரணிகள் மாற வைத்தனவா என்று ரசிகர்கள் இன்னும் வாதாடலாம். என் பார்வையில் இரண்டாவதுதான் அதிகம். தொடரில் நல்ல கோல்கீப்பர்களும் கட்டுப்பாடான தற்காப்பும் மட்டுமே மிஞ்சுகிறார்கள், சீசனில் கிடைத்த எளிய கோல் இங்கே கிடைப்பதில்லை. டென்வரைப் பாராட்ட வேண்டியது, கோல் வரவில்லை என்றதும் பதறி ஆட்டத்தைத் திறந்துவிடாமல் பொறுமையாக இருந்ததற்கு.

பொறுமைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், இந்தத் தொடரில் மறுவாய்ப்பே கிடையாது. 16 அணிகள், தோற்றால் வெளியே, நான்கு வெற்றி தொடர்ச்சியாக வேண்டும். என்எச்எல்லில் ஒரு சுற்றுக்கு ஏழு ஆட்டம் வரை ஆடலாம், ஒரு நாள் சறுக்கினால் மறுநாள் சரி செய்துகொள்ளலாம். இங்கே அது இல்லை. ஒவ்வொரு ஆட்டத்தையும் ஜெயிக்க நூற்றுக்கு எழுபது வாய்ப்புள்ள பலமான அணிகூட நான்கையும் தொடர்ந்து ஜெயிக்க வாய்ப்பு நூற்றுக்கு 24 மட்டுமே. எல்லோரையும்விடச் சிறந்த அணி நான்கில் மூன்று வருடம் தோற்றுப் போகும் என்று அர்த்தம். அதனால் பாஸ்டன் காலேஜ் தோற்றதை வைத்து அவர்கள் மிகைப்படுத்தப்பட்ட அணி என்று எழுதுவது அநியாயம். 71 புள்ளியும் 38 கோலும் பொய்யில்லை.

பயிற்சியாளரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டேவிட் கார்ல் டென்வரில் ஆடுவதற்காகச் சேர இருந்தவர். 2008-ல் மருத்துவப் பரிசோதனையில் இதயத் தசை தடிக்கும் நோய் இருப்பது தெரிந்து, ஆடவே முடியாது என்றாகிவிட்டது. பல்கலைக்கழகம் உதவித்தொகையைத் திரும்பப் பெறவில்லை, அவர் மாணவராக இருந்தபடியே பயிற்சிக் குழுவில் வேலை செய்தார். பத்து வருடம் கழித்து, 28 வயதில், அதே அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இறுதிப் போட்டிக்கு மூன்று மாதம் முன்னால், 2024 ஜனவரியில், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்த 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் அமெரிக்க அணிக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரும் இவர்தான். அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? பூயம் இருந்தார், அது சரி. ஸ்மித், லியோனார்ட், பெரோ, கோத்தியே நால்வரும் இருந்தார்கள். யாருக்கு எந்தப் பக்கத்தில் பக் கிடைத்தால் ஆபத்து, யார் யாருக்குப் பார்க்காமலே பாஸ் கொடுப்பார் என்பதைப் பல வாரம் பக்கத்திலிருந்து பார்த்தவர், ஏப்ரலில் எதிர் பெஞ்சில் நின்றார். 40 நிமிடத்தில் 12 ஷாட் என்ற கணக்குக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டென்வர் ரசிகர்கள் பேச்சை எடுத்தால் இங்கே வராமல் போக மாட்டார்கள், வருவதில் நியாயமும் இருக்கிறது.

இதையெல்லாம் வைத்து நீங்களே ஒரு ஆட்டத்தை அலசிப் பார்க்க விரும்பினால் அடுத்த வருட அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல், செயின்ட் லூயிஸ். அதே டென்வர், கோலில் அதே டேவிஸ், எதிரே வெஸ்டர்ன் மிச்சிகன். இந்த முறை 2-0 என்று பின்தங்கியது டென்வர்தான். மூன்றாவது பீரியடில் துரத்திப் பிடித்து 2-2 ஆக்கினார்கள், இரண்டாவது கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள், வெஸ்டர்ன் மிச்சிகன் அங்கிருந்து போய்த் தன் முதல் பட்டத்தையும் வென்றது. வீடியோ கிடைத்தால் மொத்த ஷாட் கணக்கைப் பார்க்காமல் ஆரம்பியுங்கள். ஸ்கோர் சமமாக இருந்த நிமிடங்களில் யார் அழுத்தினார்கள், 2-0 ஆனதும் வெஸ்டர்ன் மிச்சிகனின் டிஃபென்ஸ் வீரர்கள் எத்தனை அடி பின்வாங்கினார்கள், இரண்டாவது பீரியடில் பெஞ்சுக்குப் போக முடியாமல் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மொத்த எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள்.